உறுமக்கூடாது என்று நாங்கள்தான் பழக்கினோம்

என் சின்னவளின் இடது கன்னத்தில், கண்ணுக்கு ஒரு விரற்கடை கீழே, ஒரு கோடு இருக்கிறது. வெயிலில் நின்றால் பளபளவென்று தெரியும். ஏழு மாதம் ஆகிறது. கடித்தது தெருநாய் இல்லை, நாங்கள் ஆசையாக வளர்த்த நாய். எங்கள் வீட்டுக்குள், நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே கடித்தான். அதற்கு முந்தைய எட்டு மாதத்தில் யாராவது என் பக்கத்தில் பத்து நிமிடம் உட்கார்ந்து எடுத்துச் சொல்லியிருந்தால் அது நடந்திருக்காது. சொல்ல ஆள் இல்லை. கணவருக்கு மதுரையில் வேலை. சனிக்கிழமை இரவு மலையேறி வருவார், திங்கள் விடியலில் இறங்கிவிடுவார். கொடைக்கானலில் நாயுடுபுரம் பக்கம் ஒரு வாடகை வீட்டில் நானும் அத்தையும் இரண்டு பிள்ளைகளும்தான். அப்போது பெரியவனுக்கு எட்டு வயது, சின்னவளுக்கு மூன்று. நடந்ததை நடந்தபடியே, செலவுக் கணக்கோடு எழுதுகிறேன். வீட்டில் குழந்தையும் துறுதுறுவென்ற நாயும் சேர்ந்து இருக்கிற யாராவது படித்தால் போதும்.

நாய் வேண்டும் என்று கேட்டது பெரியவன். 2020 ஆகஸ்டில் பிரதமர் தன் வானொலி உரையில் ராஜபாளையம், சிப்பிப்பாறை, கோம்பை என்று பெயர் சொல்லிப் பேசியதிலிருந்தே என் கணவருக்கும் நாட்டு நாய் மீது ஒரு கண். போன வருடம் மார்ச் மாதம் சிவகாசிப் பக்கம் ஒருவரிடம் ஒரு சிப்பிப்பாறைக் குட்டியை 9,000 ரூபாய்க்கு வாங்கி வந்தார். இரண்டு மாதக் குட்டி என்றுதான் சொன்னார்களாம். வத்தலக்குண்டு தாண்டி மலை ஏறும்போது மூன்று முறை வாந்தி எடுத்து, நடுங்கிக்கொண்டே வந்து சேர்ந்தான். மறுநாள் கால்நடை மருத்துவர் வாயைத் திறந்து பார்த்துவிட்டு, "இது நாற்பது நாள்கூட இருக்குமான்னு தெரியலையேம்மா" என்றார். எனக்கு அதில் என்ன தப்பு என்று விளங்கவில்லை. சின்னதாக இருந்தால் நம்மோடு நன்றாக ஒட்டிக்கொள்ளும் என்று சந்தோஷம்தான் பட்டேன். குட்டிகள் ஒன்றை ஒன்று கடித்து விளையாடும்போது, வலித்த குட்டி கத்தும், கடித்தது விட்டுவிடும். எவ்வளவு அழுத்திக் கடித்தால் வலிக்கும் என்கிற அளவு அங்கேதான், அந்த வாரங்களில்தான், நாய்க்குப் படிகிறது. தாயோடும் கூடப்பிறந்தவற்றோடும் எட்டு வாரமாவது இருந்த குட்டியையே வாங்குங்கள். தாயை நேரில் பார்க்காமல் வாங்காதீர்கள். தாயைக் காட்டத் தயங்குகிற இடத்தில் முன்பணத்தையே கொடுக்காதீர்கள்.

ராக்கி என்று பெரியவன்தான் பெயர் வைத்தான். முதல் மூன்று மாதம் வீடே அவனைச் சுற்றித்தான் இருந்தது. கையைக் கடிப்பான், பாவாடை நுனியைப் பிடித்து இழுப்பான், எல்லோரும் சிரிப்போம். "குட்டிதானே தாயி, பல்லு ஊறுது" என்பார் அத்தை. நாலு மாதத்திலிருந்து ஆறு மாதம் வரை பல் விழுந்து முளைக்கிற பருவம், அது உண்மைதான். ஆனால் கையே விளையாட்டுச் சாமான் என்று அந்தப் பருவத்தில் பழகிவிட்டால், புதுப் பல் வந்த பிறகும் கைதான் விளையாட்டுச் சாமான். பழைய துணியை முறுக்கி முடிச்சுப் போட்டு, கை நீள்கிற ஒவ்வொரு முறையும் அதை அவன் வாயில் கொடுத்திருக்க வேண்டும். செலவே இல்லாத வேலை. நாங்கள் செய்யவில்லை.

சிப்பிப்பாறை என்பது மோப்பம் பிடித்துத் துரத்துகிற நாய் இல்லை, கண்ணால் பார்த்துத் துரத்துகிற நாய். தெற்குச் சீமையின் வெட்டவெளிக் காட்டில் முயல் பிடிக்கவென்றே தலைமுறை தலைமுறையாக வளர்த்த இனம். ஓடுகிற எதையும் பார்த்தால் கால் தானாகக் கிளம்பிவிடும். என் பிள்ளைகளோ வீட்டுக்குள் நடக்கவே மாட்டார்கள், ஓட்டம்தான். கூடத்திலிருந்து அடுப்படிக்கு ஓடுவார்கள், அவன் பின்னாலேயே பாய்ந்து முட்டித் தள்ளுவான், சின்னவள் விழுந்து அழுவாள், நான் அவனைத் திட்டிச் சங்கிலியில் கட்டுவேன். கட்டினால் குரைப்பான், அவிழ்த்தால் இன்னும் வெறியாகப் பாய்வான். ஏழாவது மாதம் வரும்போது ஒரு நாளைக்குப் பதினைந்து மணி நேரம் சங்கிலியில் கிடந்தான். அதோடு இந்த ஊர்க் குளிர். ஏழாயிரம் அடி உயரத்தில், ஒட்ட வெட்டின மாதிரி முடியுள்ள நாய்க்குக் கோணி ஒன்றைப் போட்டுவிட்டு, நாட்டு நாய்தானே, தாங்கும் என்று நினைத்திருந்தோம். இரவில் உடம்பைச் சுருட்டிக்கொண்டு அவன் நடுங்கினதை இப்போது நினைத்தால் எனக்கு வயிற்றைப் பிசைகிறது. தூக்கம் கெட்ட நாய் பகலில் அமைதியாக இருக்காது. பிள்ளைகளுக்குத் தூக்கம் கெட்டால் எப்படியோ அப்படித்தான்.

ஆகஸ்டில் பெரியவன் கூடத்துக்கு வரவே பயப்பட ஆரம்பித்தான். சோபா மேலேயே உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதுவான், கழிப்பறைக்குப் போக என்னைத் துணைக்குக் கூப்பிடுவான். அப்போதுதான் சமவெளியில் ஒரு இடத்தில் நாயை ஒரு மாதம் தங்கவைத்துப் பழக்கித் தருகிறார்கள் என்று யாரோ சொல்ல, 12,000 ரூபாய் கட்டி, வண்டிக்கு 5,000 கொடுத்து அனுப்பினோம். திரும்பி வந்தவனைப் பார்த்து நாங்கள் அசந்துபோனோம். உட்கார் என்றால் உட்கார்ந்தான். குரைப்பில்லை, பாய்ச்சலில்லை, உறுமலில்லை. உடம்பு மெலிந்திருந்தது, கழுத்தைச் சுற்றி முடி உதிர்ந்து ஒரு வளையம் இருந்தது. "உறுமினா உடனே மூக்குல ஒண்ணு போடுங்க, கழுத்துச் சங்கிலியைச் சுண்டுங்க, மறந்துடுவான்" என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். அதையும் செய்தோம். அத்தைகூட ஒரு முறை செய்தார். இதை எழுதவே கை கூசுகிறது.

உறுமல் என்பது நாய் பேசுகிற கடைசிச் சொல். அதற்கு முன்னால் அது மெல்லிய குரலில் எவ்வளவோ சொல்லிவிடுகிறது. தலையைத் திருப்பிக்கொள்ளும். தூக்கம் வராத நேரத்தில் கொட்டாவி விடும். சாப்பாடு எதிரில் இல்லாதபோதே நாக்கால் மூக்கை நக்கிக்கொள்ளும். காதைப் பின்னுக்கு மடக்கும். முகத்தைத் திருப்பாமல் கண்ணை மட்டும் ஓரத்துக்குக் கொண்டுபோகும், அப்போது வெள்ளை விழி பிறை மாதிரி தெரியும். அப்புறம் உடம்பு அப்படியே கல்லாகி நிற்கும், வாலாட்டம் நின்றுவிடும். அதையும் யாரும் கேட்காதபோதுதான் உறுமுகிறது. உறுமினால் அடி என்று கற்றுக்கொடுத்தால் நாயின் கோபமும் பயமும் போவதில்லை, அதைச் சொல்லும் வழி மட்டும் போய்விடுகிறது. எங்கள் ராக்கிக்கு நாங்கள் காசு கொடுத்து அடைத்தது அந்த ஒரு வழியைத்தான்.

நவம்பர். பத்து நாளாக விடாத மழை. காலை நடைகூட இல்லை. சாயங்காலம் ஆறரை இருக்கும், மின்சாரம் போயிருந்தது, மெழுகுவர்த்தி ஏற்றி வைத்திருந்தேன். ராக்கி அடுப்படி வாசலில் கோணியில் படுத்திருந்தான். சின்னவள் கையில் ஒரு ரஸ்க்கோடு போய் அவன் மேல் சாய்ந்து, கழுத்தைக் கட்டிக்கொண்டு, காதுக்குள் ஏதோ சொன்னாள். நான் தோசைக் கரண்டியோடு திரும்பிப் பார்த்தேன். அவன் தலையைத் திருப்பிக்கொண்டான். நாக்கு ஒரு முறை வெளியே வந்து மூக்கைத் தொட்டுப் போனது. பிறகு அசையவில்லை. எவ்வளவு பொறுமையாக இருக்கிறான் பார் என்று நினைத்தேன். சத்தியமாக அப்படித்தான் நினைத்தேன், செல்பேசியை எடுத்துப் படம் பிடிக்கலாமா என்றுகூடத் தோன்றியது. அடுத்த நொடி ஒரு சத்தமும் இல்லாமல் நடந்து முடிந்துவிட்டது. அவள் கத்தினதுதான் முதல் சத்தம்.

அந்த நேரத்தில் என்ன செய்ய வேண்டும் என்பதை மட்டும் நான் சரியாகச் செய்தேன், அதுவும் பள்ளிக்கூடச் சுவரில் எப்போதோ பார்த்த ஒரு பட விளக்கத்தால். சோப்பும் ஓடுகிற தண்ணீரும், பதினைந்து நிமிடம். அவள் அலற அலறக் கழுவினேன். அத்தை மஞ்சளும் காப்பித்தூளும் கொண்டு ஓடி வந்தார், வேண்டாம் என்று தடுத்துவிட்டேன். மஞ்சள், காப்பித்தூள், சுண்ணாம்பு, மிளகாய் எதுவும் வைக்கக்கூடாது. காயத்தை இறுக்கிக் கட்டக்கூடாது. கழுவுவதுதான் முதல் மருந்து, கழுவாமல் ஆஸ்பத்திரிக்கு ஓடுவது தப்பு. நாய் தடுப்பூசி போட்ட நாய்தானே என்று வீட்டில் இருந்துவிடவும் கூடாது. ராக்கிக்கு மூன்றாம் மாதத்தில் ஒரு வெறிநோய் ஊசி போட்டிருந்தோம், அடுத்த தவணைக்கு வரச் சொன்ன தேதியை மழை, வேலை என்று தள்ளிப்போட்டு மறந்தே போயிருந்தேன். அன்று இரவு முழுக்க அந்த ஒரு தேதிதான் என்னைக் கொன்றது.

ரத்தம் வருகிற கடி, அதுவும் முகத்தில் என்றால், தடுப்பூசி மட்டும் போதாது. காயத்துக்குள்ளும் சுற்றியும் செலுத்துகிற சீரமும் வேண்டும். ஊசி உடம்பில் எதிர்ப்பை உண்டாக்கச் சில நாள் ஆகும், அதுவரை காவல் இருப்பது சீரம்தான். முதலில் போன இடத்தில் முதல் ஊசி போட்டார்கள், சீரம் இல்லை. முதல் ஊசி போட்டதிலிருந்து ஏழு நாளுக்குள் சீரம் போடலாம் என்று பிறகு தெரிந்துகொண்டேன், ஆனால் முகக்காயத்துக்கு ஒரு மணி நேரத்தைக்கூடத் தள்ளிப்போட எனக்கு மனம் வரவில்லை. பக்கத்து வீட்டுத் தம்பியின் வண்டியில் இரவு ஒன்பது மணிக்கு மலை இறங்கினோம். பெருமாள்மலை தாண்டினதும் கண் தெரியாத பனி, ஒரு வளைவில் நாலு காட்டுமாடுகள் ரோட்டை அடைத்துக்கொண்டு நின்றன. விளக்கை அணைத்து, அவை நகரும் வரை காத்திருந்தோம். மடியில் அவள் விசும்பி விசும்பித் தூங்கிவிட்டாள். அந்தப் பத்து நிமிடம் போல நீளமான நேரத்தை நான் என் வாழ்க்கையில் பார்த்ததில்லை. மதுரை போய்ச் சேரும்போது நள்ளிரவு தாண்டிவிட்டது, கணவர் வாசலில் நின்றார். சீரம் போட்டு, காயத்தை உடனே இறுக்கித் தைக்காமல் விட்டு வைத்து, மறுநாள்தான் இரண்டு தையல் போட்டார்கள். நாய்க்கடியை உடனே தைத்தால் கிருமி உள்ளே தங்கிவிடலாம் என்றார் மருத்துவர். அன்றைக்குச் சீரம், அறை, வண்டி எல்லாம் சேர்த்து 16,500 ரூபாய். மிச்ச ஊசிகள் அரசு மருத்துவமனையில் இலவசம். முதல் ஊசி போட்டு மூன்று நாள், ஏழு நாள், இருபத்தெட்டு நாள் கழித்து. தேதிகளை நாட்காட்டியில் சிவப்பு மையால் வட்டம் போட்டு வைத்தேன். ஒன்றைக்கூட விடக்கூடாது.

அத்தைக்கு அவருடைய சின்ன வயதில் ஊரில் ஒருவரை நாய் கடித்துத் தொப்புளைச் சுற்றிப் பதினாலு ஊசி போட்டது நினைவு. "புள்ளைக்கு அந்த ஊசியா?" என்று அழுதுகொண்டே இருந்தார். அது ஆட்டு மூளையிலிருந்து தயாரித்த பழைய மருந்து. அதை நம் நாட்டில் நிறுத்தி இருபது வருடம் ஆகிறது. இப்போது கையில் சின்ன ஊசிதான். நம் பக்கத்து மலையான நீலகிரியில், குன்னூரில், 1907லேயே பாஸ்டியர் நிறுவனம் தொடங்கி இந்த நோய்க்குத் தடுப்பு மருந்து செய்ய ஆரம்பித்தார்கள். நூறு வருடத்துக்கு மேலாகத் தடுப்பு மருந்து இருக்கிறது. ஊசிக்குப் பயந்து வீட்டுவைத்தியம் பார்ப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள் என்பதால்தான் இதையும் சொல்கிறேன். வெறிநோய் வந்த பிறகு காப்பாற்ற மருந்து கிடையாது, வராமல் தடுக்க மட்டும்தான் முடியும்.

நாயைப் பத்து நாள் கவனிக்கச் சொன்னார்கள். தின்கிறானா, தண்ணீர் குடிக்கிறானா, நடையில் மாற்றம் உண்டா என்று. அந்தப் பத்து நாளும் அவனைப் பின்கட்டில் தனியாக வைத்து, காலையில் எழுந்ததும் முதலில் போய் அவன் தண்ணீர் குடிப்பதைப் பார்த்துவிட்டுத்தான் மூச்சு விடுவேன். கோபமும் இருந்தது, அவன் முகத்தைப் பார்த்தால் அழுகையும் வந்தது. பதினோராம் நாள் வீட்டில் பேச்சு, என்ன செய்வது என்று. கணவர் யாரிடமாவது கொடுத்துவிடலாம் என்றார். தெரிந்தவர் ஒருவர், "பழனி ரோட்டுல இறக்கி விட்டுட்டு வந்துடுங்க, பொழச்சுக்கும்" என்றார். பிழைக்காது. இந்த மலையில் வீட்டு நாயைக் காட்டோரம் விட்டால் சிறுத்தைக்கு இரை, இல்லையென்றால் பசியில் தெருநாய்க் கூட்டத்தோடு சேர்ந்து இன்னொருவர் பிள்ளையைக் கடிக்கும். வளர்த்த நாயை இப்படிக் கைவிடுவது 1960ஆம் ஆண்டின் விலங்கு வதைத் தடுப்புச் சட்டப்படி குற்றமும்கூட. கடித்ததை மறைத்து, பிள்ளைகள் உள்ள வேறு வீட்டுக்குக் கொடுப்பதும் அதே பாவம்தான். முடிவு எடுக்கும் முன் கால்நடை மருத்துவரிடம் ஒரு முறை காட்டலாம் என்று நான்தான் அடம் பிடித்தேன்.

அவர் ஐந்து நிமிடத்தில் கண்டுபிடித்துவிட்டார். வலது காதுக்குள் சீழ். ஈரத்தில் பிடித்த காதுப்புண், பல வாரமாக இருந்திருக்க வேண்டும் என்றார். சின்னவள் ரகசியம் சொன்னது அந்தக் காதில்தான். நான் அங்கேயே பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன். நாயின் குணம் திடீரென்று மாறினால், தொட்டால் சிலிர்த்தால், பழக்குபவரிடம் போவதற்கு முன் மருத்துவரிடம் போங்கள். காது, பல், வயிறு, மூட்டு, உண்ணி, எல்லாவற்றையும் பார்க்கச் சொல்லுங்கள். எங்களுக்கு அன்று ஆன செலவு 640 ரூபாய். காது சரியானதும் எல்லாம் சரியாகிவிடும் என்று நினைக்காதீர்கள் என்றும் அவரே சொன்னார். "வலி கடைசித் துளிதாம்மா. பாத்திரம் முன்னாடியே நிறைஞ்சிருக்கு. அந்தப் பாத்திரத்தை யார் நிறைச்சாங்கன்னு வீட்டுல பாருங்க."

அங்கிருந்துதான் உண்மையான பழக்கல் ஆரம்பித்தது. முதல் வேலை நாய்க்கு இல்லை, வீட்டுக்கு. ஆசாரியைக் கூப்பிட்டுக் கூடத்துக்கும் அடுப்படிக்கும் நடுவே இடுப்பு உயரத்தில் ஒரு மரத்தட்டிக் கதவு போட்டோம், 2,300 ரூபாய். இத்தனை நாளில் நான் செலவழித்த காசில் இதுதான் மிகச் சிறந்த செலவு. அதற்கு அந்தப் பக்கம் ராக்கியின் இடம். பலகை, மேலே பழைய கம்பளி, அவனுக்கு ஒரு ஸ்வெட்டர். பிள்ளைகள் அந்தக் கோட்டைத் தாண்டக்கூடாது, பந்து உள்ளே போனாலும் பெரியவர்கள்தான் எடுத்துத் தர வேண்டும். சங்கிலியைக் கழற்றிக் கடையில் போட்டேன். கட்டிப்போட்ட நாய்க்கு விலகிப் போக வழியில்லை, வழியில்லாத நாய்க்குக் கடிதான் வழி. தட்டிக்குப் பின்னால் இருக்கிற நாய் எழுந்து மூலைக்குப் போய்ப் படுத்துக்கொள்ளலாம். முதல் வாரம் அழுதான், இரண்டாம் வாரம் தானே போய்ப் படுத்தான். நாளைக்கு இத்தனை மணி நேரம் தூங்குவான் என்று நான் கனவிலும் நினைக்கவில்லை. பதினைந்து மணி நேரம் சாதாரணமாகத் தூங்கினான். அத்தனை நாளும் அவனுக்கு அடங்காத வேகம் என்று நாங்கள் நினைத்ததில் பாதி, தூக்கமில்லாத சிடுசிடுப்பு.

மிச்சப் பாதி நிஜமான வேகம், அதற்கு வழி விட்டே ஆக வேண்டும். காலை ஆறரைக்கு, சுற்றுலா வண்டிகள் கிளம்பும் முன், முப்பதடிக் கயிற்றில் கூட்டிப்போவேன். அறுவடை முடிந்த உருளைக்கிழங்குப் படிக்கட்டு நிலம் ஒன்றில், உரிமையாளரிடம் கேட்டுக்கொண்டு, அந்தக் கயிறு நீளத்துக்கு ஓட விடுவேன். இந்த ஊரில் கயிறை மட்டும் அவிழ்க்கவே கூடாது. நாய் காட்டுமாட்டைப் பார்த்துத் துரத்திவிட்டுத் திரும்பி நம்மை நோக்கி ஓடி வரும், பின்னாலேயே மாடும் வரும். ஓட்டம் மட்டும் போதும் என்று முதல் மாதம் நினைத்தேன், ஒரு மணி நேரம் ஓடவிட்டேன். அவனுக்குத் தெம்பு கூடியதே தவிர அடக்கம் வரவில்லை. பிறகு பாதி நேரத்தை அவன் போக்கில் மோந்து பார்க்க விட்டேன். ஒரு புதரில் மூன்று நிமிடம் நிற்பான், நானும் நிற்பேன். அரை மணி நேரம் மூக்குக்கு வேலை கொடுத்தால் வீட்டுக்கு வந்து விழுந்து தூங்குகிறான். மழை நாளில் பழைய துண்டைச் சுருட்டி, மடிப்புக்குள் அவித்த முட்டைத் துண்டுகளை ஒளித்துக் கொடுத்துவிடுவேன். தேடி எடுக்க இருபது நிமிடம் ஆகும்.

சொல்லிக்கொடுத்தது நாலே நாலு விஷயம். அவன் கம்பளிக்குப் போய்ப் படுப்பதற்கு "இடம்". பாய் என்று வைக்கலாம் என்றேன், அப்படிச் சொன்னால் பாய்ந்துவிடுவான் அம்மா என்று பெரியவன் பல நாளுக்குப் பிறகு சிரித்தான். முதலில் கம்பளியில் ஒரு கால் வைத்தால் ஒரு துண்டு முட்டை, அப்புறம் நாலு காலுக்கு, அப்புறம் படுத்தால், அப்புறம் நான் இரண்டடி தள்ளிப் போனாலும் படுத்திருந்தால். ஒரு தடவைக்கு மூன்று நிமிடம், நாளைக்கு ஐந்து ஆறு தடவை. நீட்டினால் கெட்டுவிடும். இரண்டாவது, மேலே தாவுவது. தாவினால் திட்டக்கூடாது, தள்ளக்கூடாது, இரண்டுமே அவனுக்கு விளையாட்டு. முதுகைக் காட்டி நிற்பேன், நாலு காலும் தரைக்கு வந்த நொடியில் குனிந்து கொஞ்சுவேன். வீட்டில் எல்லோரும் ஒரே மாதிரி செய்ய வேண்டும் என்பதுதான் இதில் கஷ்டம். கணவர் வாரக்கடைசியில் வந்து நெஞ்சில் தாவவிட்டுக் கட்டிக்கொள்வார், திங்கட்கிழமை எனக்கு மறுபடி முதலிலிருந்து. அதற்கு ஒரு சண்டையே நடந்தது. மூன்றாவது "விடு". வாயில் இருப்பதைப் பிடுங்காமல், அதைவிட நல்லதை மூக்கருகே நீட்டி மாற்றிக்கொள்வது. பிடுங்கப் பிடுங்க நாய் பொருளைக் காக்கக் கற்றுக்கொள்கிறது. நாலாவது, கடிக்க முடியாதபடி வாயில் மாட்டுகிற வாய்க்கூடை. 850 ரூபாய்க்குக் கூடை மாதிரி, மூச்சு வாங்கவும் தண்ணீர் குடிக்கவும் இடம் உள்ளதாக வாங்கினேன். உள்ளே தயிர் தடவி, அவனாகவே மூக்கை நுழைக்கும்படி மூன்று வாரம் பழக்கினேன். விருந்தாளி வீட்டுக்கு வரும்போதும் ஆஸ்பத்திரியிலும் அதைப் போடுகிறேன். தண்டனையாக ஒரு நாளும் போட்டதில்லை.

பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தது அதைவிட முக்கியம். அவன் தூங்கும்போது, தின்னும்போது, அவன் இடத்தில் இருக்கும்போது கிட்டே போகக்கூடாது. கட்டிப்பிடிக்கக்கூடாது, முகத்தோடு முகம் வைக்கக்கூடாது. நம்மூரில் அன்பைக் காட்ட அதைத்தான் செய்கிறோம், நாய்க்கு அது கழுத்தில் சுருக்கு. அவன் துரத்தினால் ஓடாமல் மரமாக நிற்க வேண்டும். கையைக் கட்டி, தலை குனிந்து, பேசாமல். ஓடாததை அவன் கண் விட்டுவிடும். இதை விளையாட்டாக, ராக்கி இல்லாமலே, தினமும் நாங்கள் மூவரும் ஆடிப் பழகினோம். தடவ வேண்டும் என்றால் கூப்பிட்டு, அவனாக வந்தால், நெஞ்சில் தடவி மூன்று எண்ண வேண்டும், கையை எடுத்துவிட வேண்டும். அவன் இன்னும் நெருங்கி வந்தால் மறுபடி மூன்று. விலகினால் அவ்வளவுதான், அன்றைக்குப் போதும். தெருமுனைக் கடையில் விற்கிற வீட்டுச் சாக்லேட்டும், திராட்சையும் அவனுக்கு விஷம் என்பதையும் சொல்லி வைத்தேன், பங்கு போட்டுத் தின்கிற வயதல்லவா. மூன்று வயதுக்கு இதெல்லாம் பாதிதான் ஏறும். அதனால் எனக்கு நானே போட்டுக்கொண்ட விதி ஒன்று உண்டு. என் கண் அவர்கள் இருவர் மேலும் இல்லையென்றால் தட்டிக்கதவு மூடியிருக்கும். குளிக்கப் போனாலும், பால்காரர் கூப்பிட்டாலும், செல்பேசி அடித்தாலும், அரை நிமிடம்தானே என்றாலும். கடி நடந்தபோது நான் ஆறடி தூரத்தில்தான் நின்றிருந்தேன், அதை மறக்க முடியாது.

நேர்க்கோடாக முன்னேறினோம் என்று நினைத்துவிடாதீர்கள். ஜனவரியில் நாத்தனார் பிள்ளைகள் வந்தார்கள், அவசரத்தில் தட்டியைத் தாழிட மறந்தேன். பந்தோடு ஓடின பையனின் காற்சட்டையை ராக்கி பிடித்துக் கிழித்துவிட்டான். தோலில் படவில்லை, ஆனால் எனக்கு மூன்று நாள் சாப்பாடு இறங்கவில்லை. விட்டுவிடலாம் என்று அன்று நானே சொன்னேன். பெரியவன்தான், "தாழ்ப்பாள் போடாதது நாமதாம்மா" என்றான். பிப்ரவரியில் ஒரு நாள், அத்தை அவன் தட்டைக் குனிந்து எடுக்கப் போனபோது மெல்ல ஒரு உறுமல் கேட்டது. எத்தனை மாதத்துக்குப் பிறகு! அத்தை கையை ஓங்கிவிட்டார், நான் ஓடிப்போய்த் தடுத்து, அவனை ஒன்றும் சொல்லாமல் எல்லோரையும் விலகச் சொன்னேன். அன்றைக்கு நான் அழுதது சந்தோஷத்தில். அவனுக்குப் பேச்சு திரும்பி வந்துவிட்டது. அதிலிருந்து இரண்டு வாரம், அவன் தின்னும்போது தட்டின் பக்கம் போகும் ஒவ்வொரு முறையும் ஒரு துண்டு கோழியை எறிந்துவிட்டு விலகிப் போனோம். இப்போது அத்தை கிட்டே வந்தால் வாலாட்டுகிறான்.

கணக்கைக் கூட்டிப் பார்த்தால், தப்பான வழியில் பழக்கல், பயணம், ஆஸ்பத்திரி என்று 33,500 போனது. தட்டி, கயிறு, வாய்க்கூடை, கம்பளி, காது வைத்தியம், முட்டை எல்லாம் சேர்த்து ஆறு மாதத்துக்கு 7,000 தாண்டவில்லை. நேரம்தான் நிறையக் கொடுத்தேன், நாளைக்கு ஒன்றரை மணி. அது இல்லாத வீட்டில் இந்த மாதிரி வேகமான இனத்தை, சின்னக் குழந்தை இருக்கும்போது, வாங்கவே வேண்டாம் என்றுதான் கேட்பவர்களிடம் சொல்கிறேன். ஏற்கெனவே வாங்கிவிட்டால் இன்றைக்கே ஆசாரியைக் கூப்பிடுங்கள். அடுத்த வெறிநோய் ஊசியின் தேதியைப் பால் கணக்கு எழுதுகிற நாட்காட்டியிலேயே குறித்து வையுங்கள்.

போன வாரம் நல்ல வெயில். வாசல் திண்ணையில் ராக்கி கால் நீட்டிப் படுத்திருந்தான், கயிறு என் கையில். அத்தைக்கு அவன் மேல் இப்போது கொள்ளைப் பிரியம், பக்கத்தில் உட்கார்ந்து தலையைத் தடவிக்கொண்டே இருந்தார். இரண்டு முழம் தள்ளி விளையாடிக்கொண்டிருந்த சின்னவள் நிமிர்ந்து பார்த்தாள். எழுந்து வந்து பாட்டியின் சேலை நுனியை இழுத்தாள். "அப்பத்தா, அவன் மூக்கை நக்குறான். கையை எடு. போதுமாம்."